கம்பெனிக்கு சந்தை வேணும், கொசுவுக்குத் தண்ணி போதும்

1/
"தாமிரபரணி தண்ணி குடிக்கிற ஊர்ல மலேரியாவா டாக்டர்? அதெல்லாம் எங்க தாத்தா காலம்" என்று சொல்பவர்கள்தான் நெல்லையில் அதிகம். அதில் பாதி உண்மை இருக்கு. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்த நீண்ட த்ரெட். மலேரியாவுக்கு புது டெஸ்ட், புது மாத்திரை, தடுப்பூசி என்று கம்பெனிகள் வரிசையா இறக்கிட்டு இருக்காங்க. அதில் நமக்கு எது உதவும், எது உதவாது, எதை நாம கேட்டு வாங்கணும் என்று பார்ப்போம். கொஞ்சம் பொறுமையா படிங்க.

2/
என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். புதுக் கண்டுபிடிப்புகள் நல்லவை, வரட்டும். ஆனா அவற்றில் பெரும்பாலானவை ஆப்பிரிக்கக் குழந்தைகளின் மலேரியாவுக்காகச் செஞ்சவை. நம்ம மலேரியா வேற ரகம். அதோட, நோயாளி எண்ணிக்கை குறைஞ்ச ஊரைத் தேடி எந்தக் கம்பெனியும் வராது. அந்தக் காலி இடத்தை அரசு நிரப்பலன்னா கொசு நிரப்பிடும்.

3/
கொஞ்சம் வரலாறு. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி சீமைகளை ஒரு பெரிய காய்ச்சல் புரட்டிப் போட்டுச்சு. ஈஸ்ட் இந்தியா கம்பெனி அரசு டாக்டர்கள் குழு ஒன்றை வைச்சு விசாரிச்சுது. அந்த அறிக்கை 1816-ல் லண்டனில் புத்தகமாவே வந்துச்சு. விட்டு விட்டு வந்த அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் மலேரியாவாத்தான் இருக்கணும் என்பது இன்றைய பார்வை. அன்னைக்கு டாக்டர்கள் பழி போட்டது கெட்ட காத்து மேல. கொசுவை யாரும் சந்தேகப்படல.

4/
கொசுதான் குற்றவாளி என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடிக்க 1897 ஆச்சு. ஆனா மருந்து அதுக்கு முன்னாடியே நம்ம மலைக்கு வந்துருச்சு. 1860-களில் நீலகிரியில் அரசாங்கமே சின்கோனா மரம் நட்டது. அந்தப் பட்டையில் இருந்து வந்ததுதான் நம்ம பாட்டிமார் சொல்ற "கொயினா". அப்புறம் ஆனைமலையிலும் நட்டாங்க. வால்பாறைக்கு மேல சின்கோனா என்ற பேரிலேயே இன்னைக்கும் ஒரு ஊர் இருக்கு. ஆனா அங்க இப்ப தேயிலைதான். செயற்கை மருந்து வந்ததும் மரத்துக்கு மவுசு போச்சு. சந்தை போனா சரக்கும் போகும். இதை ஞாபகம் வைச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

5/
சுதந்திரம் வாங்கின சமயம் இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 7.5 கோடி பேருக்கு மலேரியா, 8 லட்சம் மரணம் என்று ஒரு மதிப்பீடு. 1953-ல் தேசியத் திட்டம் ஆரம்பிச்சு டிடிடி அடிச்சாங்க. 1961-ல் நாடு முழுக்கப் பதிவானது சுமார் 50 ஆயிரம் பேர்தான். "முடிஞ்சுது கதை" என்று எல்லாரும் கையைத் துடைச்சுக்கிட்டாங்க. 1976-ல் 64 லட்சம் பேர்! கொசு டிடிடிக்குப் பழகிடுச்சு. நாம கண்காணிப்பை விட்டுட்டோம்.

6/
பக்கத்துல இலங்கையைப் பாருங்க. 1963-ல் அந்த நாடு முழுக்க 17 பேருக்குத்தான் மலேரியா. தெளிக்கிறதை நிறுத்தினாங்க, ரத்தப் பரிசோதனை தளர்ந்துச்சு. 1969-ல் 5 லட்சத்துக்கும் மேல். திரும்ப அடக்க ஒரு தலைமுறைக்கு மேல ஆச்சு. 2012-க்கு அப்புறம் உள்ளூர் பரவல் இல்லாம, 2016-ல் உலக சுகாதார நிறுவனத்திடம் "மலேரியா இல்லாத நாடு" சான்றிதழ் வாங்கினாங்க. 17-ல் இருந்து 5 லட்சம் போக வெறும் 6 வருஷம். "இப்ப எண்ணிக்கை கம்மிதானே" என்று சொல்ற ஒவ்வொருத்தருக்கும் இதுதான் என் பதில்.

7/
இன்னைக்கு நிலவரம் என்ன? 2023-ல் உலகம் முழுக்க சுமார் 26.3 கோடி பேருக்கு மலேரியா, 5 லட்சத்து 97 ஆயிரம் மரணம். பெரும்பகுதி ஆப்பிரிக்கா, அதிலும் 5 வயசுக்குக் கீழ் உள்ள குழந்தைகள். இந்தியாவின் பங்கு சுமார் 20 லட்சம் என்று மதிப்பீடு. தமிழ்நாட்டில் பதிவாவது ஆண்டுக்கு சில நூறு. நீண்ட காலமா அதில் பெரும்பங்கு சென்னைக்கு. நெல்லையின் பங்கு மிகச் சிறிசு. 2027-க்குள் உள்ளூர் பரவலைப் பூஜ்ஜியமாக்கி, 2030-ல் ஒழிப்புச் சான்றிதழ் வாங்கணும் என்பது நாட்டின் இலக்கு.

8/
நோய் குறைஞ்சிருக்கு, சரி. கொசு குறைஞ்சிருக்கா? நம்ம ஊர் நகரக் கொசுவின் பேர் அனாஃபிலிஸ் ஸ்டெபன்சி. சாக்கடை இதுக்குப் பிடிக்காது, சுத்தமான தண்ணிதான் வேணும். கிணறு, சம்ப், மூடி இல்லாத மொட்டைமாடி டேங்க், கட்டடம் கட்டுற இடத்துல க்யூரிங்குக்குத் தேக்கி வைச்ச தண்ணி, எல்லாம் இதுக்குப் பிரசவ வார்டு. தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள் வர்ற தெருவில் ஜனங்க குடம், டிரம், தொட்டி எல்லாத்துலயும் பிடிச்சு வைக்கத்தான் செய்வாங்க. வேற வழி?

9/
நம்ம ஊர்க் கொசு இப்ப உலகம் சுத்துது. 2012-ல் ஜிபூட்டி, 2016-ல் எத்தியோப்பியா, அதே வருஷம் மன்னார். மலேரியாவை ஒழிச்ச அதே ஆண்டில் இலங்கைக்கு இந்தக் கொசு போய் இறங்கியிருக்கு! 2022-ல் எத்தியோப்பியாவின் டிரே டாவா நகரத்தில் மலேரியா வெடிச்சதுக்கு இதுதான் காரணம் என்று ஆய்வு சொல்லுது. ஆப்பிரிக்காவில் கிராமத்து நோயா இருந்ததை நகரத்து நோயா மாத்துற வேலையை இது செய்யுது.

10/
ஆக, கொசு இருக்கு. இனி கிருமி வந்தா போதும். கிருமி எப்படி வரும்? மனுஷன் ரத்தத்தில். சென்னைக்குப் போய் வர்ற நம்ம பிள்ளைங்க, ஆப்பிரிக்காவில் வேலை பார்த்துட்டு லீவுக்கு வர்றவங்க, ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கரில் இருந்து கூடங்குளத்துக்கும் கங்கைகொண்டான் சிப்காட்டுக்கும் செங்கல் சூளைகளுக்கும் வர்ற தொழிலாளர்கள். இவங்க யாரும் குற்றவாளி கிடையாது. "வடக்கன் நோயைக் கொண்டாந்துட்டான்" என்று யாராவது கமெண்ட்ல எழுதினா பிளாக் பண்ணிடுவேன். நம்ம வீட்டைக் கட்டிக் கொடுக்க வந்த ஆளுக்கு வைத்தியம் பார்க்கிறது நம்ம கடமை. அதுதான் நமக்கும் பாதுகாப்பு.

11/
இப்ப கம்பெனிகள் கதைக்கு வருவோம். டெஸ்ட், தடுப்பு, மருந்து என்று மூணா பிரிச்சுக்கலாம். ஒவ்வொண்ணையும் நான் மூணு கேள்வி கேட்டுத்தான் எடை போடுவேன்.
ஒண்ணு: நம்ம ஊரில் அதிகம் வர்ற வைவாக்ஸ் மலேரியாவுக்கு இது வேலை செய்யுமா?
ரெண்டு: வருஷத்துக்கு நாலஞ்சு நோயாளி வர்ற இடத்திலும் இது கட்டுப்படியாகுமா?
மூணு: அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை இதைப் பயன்படுத்த முடியுமா?

12/
முதல்ல டெஸ்ட். பழைய முறை ரத்தத் தடவல்: விரல்ல ஒரு சொட்டு ரத்தம், கண்ணாடித் தகட்டில் தடவி, நம்ம நாட்டு விஞ்ஞானிகள் உருவாக்கின ஜேஎஸ்பி சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறது. செலவு ரொம்பக் கம்மி. எந்தக் கிருமி, எவ்வளவு கிருமி, ரெண்டும் தெரியும். ஆனா பார்க்கிற கண்ணுக்குப் பயிற்சி வேணும். இங்கதான் சிக்கல். வருஷம் முழுக்க ஆயிரக்கணக்கான தகடு பார்த்தும் ஒரு பாசிட்டிவ் கூட வராத லேப் டெக்னீஷியனுக்கு, அந்தக் கிருமி வர்ற அன்னைக்கு அடையாளம் தெரியணுமே!

13/
இதுக்குத்தான் அட்டை டெஸ்ட் வந்துச்சு. கர்ப்பப் பரிசோதனை அட்டை மாதிரியே. 15-20 நிமிஷத்தில் கோடு தெரியும், கரண்ட் வேணாம். கோவாவில் தயாரான பாராசெக் அட்டை ஒரு காலத்தில் ஆப்பிரிக்கா வரை போச்சு. ஆனா முதல் தலைமுறை அட்டைகள் ஃபால்சிபாரம் கிருமி வெளிவிடும் ஹெச்ஆர்பி2 என்ற புரதத்தை மட்டும்தான் பிடிக்கும். வைவாக்ஸையும் பிடிக்கிற இரட்டை அட்டை அப்புறம் வந்துச்சு. ரத்தத்தில் கிருமி குறைவா இருந்தா அந்த வைவாக்ஸ் கோடு தவறவும் வாய்ப்பு இருக்கு.

14/
இன்னொரு வேடிக்கை. சில ஃபால்சிபாரம் கிருமிகள் அந்த ஹெச்ஆர்பி2 புரதத்தையே தொலைச்சுட்டு வருது. போலீஸ் தேடுறது மீசை வைச்ச ஆளை, இவன் மழிச்சுட்டு நிக்கிறான்! பெருவில் முதல்ல பார்த்தாங்க. எரித்ரியா, எத்தியோப்பியாவில் பெரிய பிரச்சினை. இந்தியாவிலும் சில மாநிலங்களில் குறைந்த அளவில் இருக்கு. வேற புரதத்தைத் தேடுற புது அட்டைக்கு உலக சுகாதார நிறுவனம் 2025-ல் முன்தகுதி கொடுத்திருக்கு, தயாரிப்பு ஒரு கொரியக் கம்பெனி. சரி, நமக்கு என்ன பாடம்? அட்டை நெகட்டிவ் என்றால் மலேரியா இல்லவே இல்லை என்று அர்த்தம் கிடையாது. சந்தேகம் இருந்தா தகடும் பார்க்கணும், ஒரு தடவைக்கு மேலயும் பார்க்கணும்.

15/
மூணாவது, மரபணு டெஸ்ட். கோவாவின் மோல்பயோ கம்பெனியின் ட்ரூநாட் மெஷினைப் பல பேருக்குக் கொரோனா சமயத்தில் தெரிஞ்சிருக்கும். பேட்டரியில் ஓடும் சின்ன பிசிஆர். இப்ப டிபிக்காக அரசு மருத்துவமனைகளில் இருக்கு. அதே மெஷினுக்கு மலேரியா சிப்பும் இருக்கு, வைவாக்ஸ், ஃபால்சிபாரம் ரெண்டையும் பிரிச்சுச் சொல்லும். புது மெஷின் வாங்க வேணாம், சிப் மட்டும் போதும். என் மூணு கேள்வியையும் ஓரளவு தாண்டுற சரக்கு இது. எல்லாக் காய்ச்சலுக்கும் இதைப் போட வேண்டியது இல்லை. தகடு சந்தேகமா இருக்கு, ஆளுக்குப் பயண வரலாறும் இருக்கு என்றால் அப்ப இது வேணும்.

16/
அடுத்து தடுப்பு. நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு: ஆப்பிரிக்கக் குழந்தை தூங்குற கொசுவலையில் கணிசமான பங்கு நம்ம கரூரில் நெய்தது. ஷோபிகா இம்பெக்ஸின் டுராநெட், விகேஏ பாலிமர்ஸின் மேக்நெட், வீராலின் எல்லாம் உலக சுகாதார நிறுவனத்தின் தகுதிப் பட்டியலில் இருக்கிற வலைகள். நூலுக்குள்ளயே பூச்சிமருந்து கலந்திருக்கும். பல தடவை துவைச்சாலும் மருந்து நிக்கும். கொசு மருந்துக்குப் பழகினதும், அந்த எதிர்ப்பை உடைக்கிற பிபிஓ என்ற துணைப்பொருளைச் சேர்த்த வலைகளும் வந்துச்சு. பெட்ஷீட்டுக்குப் பேர் போன கரூர் சத்தமே இல்லாம செஞ்ச மருத்துவ சேவை இது.

17/
இந்த மாதிரி வலைதான் ஒடிசாவின் கதையை மாத்துச்சு. 2017-ல் மட்டும் ஒரு கோடிக்கும் மேல் மருந்து வலைகள் கொடுத்தாங்க. கூடவே மலைக்கிராமங்களில் முகாம் போட்டு, காய்ச்சல் இல்லாதவங்க ரத்தத்தையும் பார்த்து மருந்து கொடுத்தாங்க. நாலு லட்சத்துக்கு மேல் இருந்த மலேரியா எண்ணிக்கை மூணே வருஷத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்துச்சு. ஒடிசா மலைக்கிராமத்துல ஒரு வலை கட்டினா அதோட பலன் கங்கைகொண்டான் லேபர் ஷெட்டுக்கும் வருது. "அங்க நடக்கிறது நமக்கு எதுக்கு" என்ற பேச்சு தொற்றுநோயில் செல்லாது.

18/
தடுப்பூசி பற்றி நிறைய பேர் கேக்குறீங்க. ரெண்டு இருக்கு. ஜிஎஸ்கேயின் ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசியை 2021-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைச்சுது. ஆக்ஸ்ஃபோர்டும் புனே சீரம் இன்ஸ்டிடியூட்டும் சேர்ந்த ஆர்21-ஐ 2023-ல் பரிந்துரைச்சாங்க. முதல் ஊசியின் தயாரிப்பும் ஹைதராபாத் பாரத் பயோடெக்குக்குக் கைமாறுது. அந்தக் கம்பெனியை ஆரம்பிச்ச கிருஷ்ணா எல்லா நம்ம திருத்தணிப் பக்கத்துக்காரர். ஆக, உலகத்தின் ரெண்டு மலேரியா தடுப்பூசியும் இந்தியக் கம்பெனிகள் கையில். பெருமையான விஷயம்தான்.

19/
"அப்ப எனக்கு எப்ப போடுவீங்க டாக்டர்?" போட மாட்டோம். ரெண்டும் ஃபால்சிபாரத்துக்கு எதிரானவை. சுமார் 5 மாசத்தில் இருந்து கைக்குழந்தைகளுக்கு, நாலு தவணை. வைவாக்ஸுக்குப் பயன்பாட்டில் ஒரு தடுப்பூசி கூட உலகத்தில் இல்லை. கானா, கென்யா, மலாவியில் ஆர்டிஎஸ்,எஸ் போட்ட இடங்களில் குழந்தை மரணம் 13 சதவீதம் குறைஞ்சுது. அந்தத் தாய்மாருக்கு அது பெரிய வரம். பாளையங்கோட்டைக் குழந்தைக்கு அந்த ஊசி தேவையில்லை. ஐசிஎம்ஆர் உருவாக்கிட்டு இருக்கும் அட்ஃபால்சிவாக்ஸும் ஃபால்சிபாரத்துக்குத்தான். நாளைக்கே எவனாவது "மலேரியா தடுப்பூசி பேக்கேஜ்" என்று விளம்பரம் போட்டா ஏமாந்துராதீங்க அண்ணாச்சி.

20/
நமக்கு உதவுற தடுப்பு பக்கத்துலயே இருக்கு. புதுச்சேரியில் 1975-ல் ஆரம்பிச்ச ஐசிஎம்ஆர் கொசு ஆராய்ச்சி மையம் மண்ணில் இருந்து எடுத்த ஒரு பாக்டீரியா ரகம் கொசுப்புழுவைக் கொல்லும். மனுஷனுக்கும் மீனுக்கும் ஒண்ணும் பண்ணாது. அந்தத் தொழில்நுட்பத்தைப் பல கம்பெனிகளுக்குக் கொடுத்திருக்காங்க. அரசு ஆராய்ச்சி செய்ய, கம்பெனி தயாரிக்க, உள்ளாட்சி வாங்கித் தெளிக்க, இப்படித்தான் இருக்கணும். அபேட் மருந்தும் உங்களுக்குத் தெரியும். ஆனா எந்த மருந்தும் தானா நடந்து உங்க மொட்டைமாடிக்கு ஏறாது.

21/
ஏறுறது யாரு? டிபிசி பணியாளர்கள். காலையில பை மாட்டிட்டு, டார்ச் அடிச்சுக்கிட்டு, "அக்கா, தொட்டியைக் கொஞ்சம் பாக்கட்டுமா" என்று வர்றாங்களே, அவங்கதான். நம்மில் பலர் கேட்டைத் திறக்கிறதே இல்லை. இவங்க பெரும்பாலும் தினக்கூலி. டெங்கு சத்தம் கேட்டா ஆள் சேர்ப்பாங்க, சத்தம் அடங்கினா குறைப்பாங்க. ஜிபூட்டியில் நம்ம ஸ்டெபன்சியைக் குறைக்க மரபணு மாத்தின ஆண் கொசுக்களை 2024-ல் ஆக்ஸிடெக் என்ற கம்பெனி பறக்க விட்டுப் பார்த்துச்சு. பார்க்கட்டும், தப்பில்லை. ஆனா டேங்க் மூடியைத் திறந்து பார்க்கிற பெண்ணுக்கு வருஷம் முழுக்கச் சம்பளம் கொடுக்கிறது அதைவிட எளிசான தொழில்நுட்பம்.

22/
கடைசியா மருந்து. இதுதான் இந்த த்ரெட்டின் முக்கியமான பகுதி. வைவாக்ஸ் கிருமிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ரத்தத்தில் கொஞ்சம் பேர் ஆட்டம் போடுவாங்க, கொஞ்சம் பேர் ஈரலில் போய்ப் படுத்துத் தூங்கிடுவாங்க. குளோரோகுயின் 3 நாள் சாப்பிட்டா ரத்தத்தில் இருக்கிறவன் காலி, காய்ச்சல் நிக்கும். தூங்குறவனை அது தொடாது. வாரங்கள், மாசங்கள் கழிச்சு எழுந்து வருவான். திரும்பக் குளிர், நடுக்கம், காய்ச்சல். நம்ம முன்னோர் வைச்ச "முறைக்காய்ச்சல்" என்ற பேர் எவ்வளவு பொருத்தம் பாருங்க.

23/
தூங்குறவனைக் கொல்ல பிரைமாகுயின் வேணும். நம்ம அரசுத் திட்டத்தில் 14 நாள். யோசிச்சுப் பாருங்க, காய்ச்சல் மூணாம் நாளே நின்னுடும். நாலாம் நாள் சித்தாள் வேலைக்குப் போயிடுவான். மீதி 11 நாள் மாத்திரையை யார் சாப்பிடுவா? அவன் பையில அந்த அட்டை கிடக்கும். ரெண்டு மாசம் கழிச்சு காண்ட்ராக்டர் அவனை வேற ஊருக்கு மாத்திடுவார். அங்க ஒரு கிணறு, அங்க ஒரு கொசு. சங்கிலி தொடருது. மருந்து நல்ல மருந்துதான். ஆனா உடம்பு நல்லா இருக்கிற ஆளை இன்னும் 11 நாள் மாத்திரை சாப்பிட வைக்கிறது லேசு இல்லை.

24/
இங்கதான் ஒரு கம்பெனிக் கண்டுபிடிப்பு நிஜமாவே நமக்குப் பொருந்துது. ஜிஎஸ்கேயும் எம்எம்வி என்ற லாப நோக்கமற்ற அமைப்பும் சேர்ந்து கொண்டு வந்த டஃபெனோகுயின். ஒரே வேளை, அவ்வளவுதான். 2018-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்துச்சு. 2024-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைச்சுது, ஆனா இப்போதைக்குத் தென் அமெரிக்காவுக்கு மட்டும். இன்னொரு வழி, பிரைமாகுயினையே அளவைக் கூட்டி 7 நாளில் முடிக்கிறது. 2022-லேயே உலக சுகாதார நிறுவனம் அதை ஏத்துக்கிட்டாச்சு.

25/
"அப்ப உடனே கொடுக்க வேண்டியதுதானே?" இல்லை, ஒரு பொறி இருக்கு. சிலருக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவு. அவங்களுக்கு இந்த மருந்துகள் போனா ரத்த அணுக்கள் உடையும், சிறுநீர் கட்டன்காப்பி நிறத்தில் போகும், உயிருக்கே ஆபத்து. பிரைமாகுயினைப் பாதியில் நிறுத்திக்கலாம். டஃபெனோகுயின் ஒரே வேளை, உள்ளே போனது போனதுதான், வாரக்கணக்கில் உடம்பில் தங்கும். அதனால நொதி அளவைப் பார்க்காம கொடுக்கவே கூடாது.

26/
அந்த அளவைச் சில நிமிஷத்தில் சொல்ற, சர்க்கரை மெஷின் சைஸில் ஒரு கருவியைக் கொரியாவின் எஸ்டி பயோசென்சர் கொண்டு வந்திருக்கு. விரல்நுனி ரத்தம் போதும். 2024 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் அதுக்கு முன்தகுதி கொடுத்துச்சு. என்னைக் கேட்டா, தடுப்பூசியை விட, ஏஐ மைக்ரோஸ்கோப்பை விட, நெல்லைக்கு இன்னைக்குத் தேவையான மலேரியாக் கருவி இதுதான். இது கையில் இருந்தா 14 நாளை 7 நாளாக்கலாம், நாளைக்கு அனுமதி வந்தா ஒரே வேளையாவும் ஆக்கலாம்.

27/
அப்ப ஏன் எந்தக் கம்பெனியும் கதவைத் தட்டல? கணக்குப் போடுங்க. நெல்லையில் வருஷத்துக்கு எத்தனை ஸ்ட்ரிப் விக்கும்? லாபம் பார்க்கிற எந்த விற்பனைப் பிரதிநிதியும் இதுக்காகப் பஸ் ஏற மாட்டார். இதில் கம்பெனியைத் திட்டி என்ன பிரயோஜனம்? கடை வைச்சவன் வியாபாரம்தான் பார்ப்பான். சின்கோனா தோட்டத்துக்கு நடந்ததே இங்கேயும் நடக்கும். மலேரியா குறைஞ்ச ஊரில் முதலில் காணாமப் போறது மலேரியா இல்லை, மலேரியாவுக்கான சாமான்கள்.

28/
நாம சொந்தமாக் கண்டுபிடிச்சாலும் இதே கதைதான். 2012 ஏப்ரல் 25, உலக மலேரியா தினத்தன்னைக்கு ரான்பாக்ஸி சின்ரியாம் என்ற மாத்திரையை வெளியிட்டுச்சு. இந்தியா உருவாக்கின முதல் புது மருந்து என்று பெரிய கொண்டாட்டம். எம்எம்வி 2007-லேயே விலகின திட்டத்தைக் கம்பெனி தனியா, அரசு உதவியோட முடிச்சுது. இன்னைக்கு எத்தனை பேருக்கு அந்தப் பேர் தெரியும்? தேசியத் திட்டத்தின் முதல் வரிசை மருந்தா அது ஆகவே இல்லை. மருந்தைக் கண்டுபிடிக்கிறது பாதி வேலை. தொடர்ந்து வாங்க ஒரு ஆள் இருக்கிறதுதான் மீதிப் பாதி.

29/
வாங்குற ஆள் யாரு? தமிழ்நாட்டுக்கு அந்தப் பதில் 1994-லேயே கிடைச்சாச்சு: தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மாநிலம் முழுசுக்கும் சேர்த்து மொத்தமா விலை பேசி வாங்கி, மாவட்டக் கிடங்குக்கு அனுப்புற முறை. மத்த மாநிலங்கள் வந்து பார்த்துப் படிச்சுட்டுப் போன முறை. நெல்லைக்கு மட்டும் 50 ஸ்ட்ரிப் கேட்டா கம்பெனி சிரிக்கும். மாநிலத்துக்கே சேர்த்துக் கேட்டா உட்கார்ந்து பேசும். பாம்புக்கடி மருந்தை லாபம் பார்த்தா கிடங்கில் வைக்கிறோம்? எப்போ தேவைப்படும் என்று தெரியாததால்தான் எப்பவும் வைக்கிறோம். மலேரியா சாமானும் அந்த வரிசைதான்.

30/
"வருஷத்துக்கு நாலு நோயாளிக்கு இவ்வளவு செலவா? அந்தக் காசை சர்க்கரை நோய்க்குப் போடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனா சர்க்கரை நோய் ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்குக் கொசு மூலம் போகாது. இங்க அந்த நாலு பேரைச் சரியாப் பார்த்தா கணக்கு நாலோட முடியும். விட்டா என்ன ஆகும் என்று இலங்கையின் 17 சொல்லும்.

31/
என்னோட சக மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. காய்ச்சல் என்று வந்தா டெங்கு எடுக்கிறோம், ஸ்க்ரப் டைஃபஸ் யோசிக்கிறோம், நல்லது. அதிகம் பிரயோஜனம் இல்லாத வைடாலையும் எழுதுறோம். மலேரியா தகடு மட்டும் சீட்டில் இருந்து மெல்ல மறைஞ்சுட்டு வருது. குளிர் நடுக்கத்தோட காய்ச்சல், தட்டணு குறைவு, வெளியூர் பயணம், இதில் ஒண்ணு இருந்தாலும் தகடு எழுதுங்க. பாசிட்டிவ் வந்தா அரசு சுகாதாரத் துறைக்குச் சொல்லுங்க. தனியாரில் மறைஞ்சு போற ஒரு நோயாளி போதும், ஒரு தெருவுக்கே பரப்ப.

32/
அரசுக்கு என் கோரிக்கைகள்:
✅ ஜி6பிடி கருவியும் ஸ்ட்ரிப்பும் மாவட்ட, வட்ட மருத்துவமனைகளில்.
✅ ஏற்கெனவே இருக்கும் ட்ரூநாட் மெஷின்களுக்கு மலேரியா சிப்.
✅ லேப் டெக்னீஷியன்களுக்கு வருஷாவருஷம் பாசிட்டிவ் தகடுகளைக் காட்டி மறுபயிற்சி.
✅ டிபிசி பணியாளர்களுக்கு வருஷம் முழுக்க வேலை.
✅ தொழிலாளர் தங்குமிடங்களில் மிரட்டாம, ஹிந்தியிலும் ஒடியாவிலும் பேசி ரத்தப் பரிசோதனை. மாத்திரை முடியும் வரை அவங்க கூலி போகாம ஒரு ஏற்பாடு.

33/
உங்களுக்கு:
✅ குளிர் நடுக்கத்தோட காய்ச்சல் வந்தா, சமீபத்தில் எங்க போயிருந்தீங்க என்று டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க. "மலேரியா தகடு பார்க்கலாமா சார்" என்று கேட்கத் தயங்காதீங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.
✅ மலேரியா உறுதியானா, காய்ச்சல் நின்னாலும் மாத்திரையைக் கடைசி நாள் வரை முடிங்க. சிறுநீர் கறுத்தா உடனே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.
✅ கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பிரைமாகுயின் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் நீங்களா எதையும் வாங்காதீங்க.
✅ டேங்க், சம்ப், கிணறுக்கு மூடி, வலை. ஓவர்ஃப்ளோ பைப் வாயிலும் வலை கட்டுங்க.
✅ டார்ச்சோட வர்றவங்களுக்குக் கேட்டைத் திறங்க. ஒரு சொம்பு தண்ணியும் கொடுங்க.

34/
கம்பெனிகள் அவங்க வேலையைச் செய்யட்டும். நல்ல சரக்கு வந்தா வரவேற்போம், காசு கொடுத்து வாங்குவோம். ஆனா ஒரு நோயைக் கடைசி ஆள் வரை துரத்திப் பிடிக்கிறது வியாபாரம் ஆகாது. அதை ஒரு சமூகம் தன் காசில், தன் ஆட்களை வைச்சுச் செய்யணும். பொதிகையில் இருந்து புன்னைக்காயல் வரைக்கும் இந்த ஆத்தங்கரையில் இனி ஒரு பிள்ளைக்கும் முறைக்காய்ச்சல் வரக் கூடாது. அதுக்கான எல்லாம் இப்பவே நம்ம கையில் இருக்கு, வாங்கி வைக்கணும், விடாம பார்க்கணும், அவ்வளவுதான்.

சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க, ஓபி முடிஞ்சதும் பதில் போடுறேன். குடும்ப க்ரூப்ல பகிருங்க.